விரல் தேய்ந்தால் அரிசி இல்லையா? இந்தியக் கிராம நலத்திட்டங்களும் அண்டை நாடுகளுக்குச் செல்லும் தொழில்நுட்பமும்

இந்தியக் கிராமங்களின் நியாய விலைக் கடைகளில், மக்கள் வழக்கில் சொன்னால் ரேஷன் கடைகளில், எடைத் தராசுக்குப் பக்கத்தில் இன்று இன்னொரு பொருளும் இருக்கிறது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய இயந்திரம் அது. அரிசி வாங்க வருபவர் அதில் தம் விரலை அழுத்த வேண்டும். அந்த ரேகை கைத்தொலைபேசி அலைவரிசை வழியாக எங்கோ இருக்கும் தலைமைக் கணினிக்குச் சென்று, 'ஆம், இவர்தான் அவர்' என்ற பதில் திரும்பி வந்த பிறகே அரிசி அளக்கப்படும். பதில் சில நொடிகளில் வந்துவிடலாம். சில ஊர்களில் வராமலும் போகலாம்.

தோட்டப்புறத்தில் பால்மரம் சீவிய கைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதிலுள்ள சிக்கலை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மண்வெட்டியும் சுண்ணாம்பும் சிமெண்டும் பிடித்த விரல்களில் ரேகை தேய்ந்துவிடுகிறது. வயதானால் தோல் வறண்டு மேலும் மங்குகிறது. அலுவலகத்தில் அமர்ந்து வேலை பார்ப்பவரின் விரலை இயந்திரம் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். யாருக்காக இந்தத் திட்டம் ஏற்படுத்தப்பட்டதோ, அவர்களின் விரலில்தான் அது தடுமாறும்.

இப்படிச் சொல்வதால் தொழில்நுட்பமே வேண்டாம் என்று கொள்ளக் கூடாது. அது ஏன் வந்தது என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும்.

மக்களுக்காக டில்லி செலவிடும் ஒவ்வொரு ரூபாயிலும் 15 காசுதான் அவர்களிடம் போய்ச் சேருகிறது என்று 1985-இல் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி மனம் திறந்து சொன்னார். அந்தக் கணக்கு எவ்வளவு துல்லியமானது என்பது வேறு விஷயம். ஆனால் கிடங்கிலிருந்து கிளம்பிய அரிசி வெளிச்சந்தைக்குப் போனதும், இறந்தவர் பெயரில் கூலி எடுக்கப்பட்டதும், முதியோர் உதவித்தொகையில் ஒரு பங்கு வழியிலேயே பிடித்துக்கொள்ளப்பட்டதும் கிராமத்தில் எல்லாரும் அறிந்த செய்திகள். 2006 பிப்ரவரி 2-ஆம் தேதி ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டம், பண்ட்லபள்ளி கிராமத்தில் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 'நூறு நாள் வேலை' என்று அழைக்கப்படும் திட்டம் இதுதான். முதலில் 200 மாவட்டங்கள். 2008-இல் கிராமப்புற இந்தியா முழுவதும். இத்தனை கோடிப் பேருக்கு நேரடியாகக் கூலி கொடுப்பது என்றால், ஏமாற்றாமல் எப்படிக் கொடுப்பது என்ற கேள்வியும் கூடவே பெரிதாகிவிட்டது.

அதற்கு விடையாக வந்ததுதான் ஆதார் என்னும் 12 இலக்க அடையாள எண். நந்தன் நிலகேணி தலைமையில் 2009-இல் இதற்கான ஆணையம் அமைந்தது. 2010 செப்டம்பர் 29-ஆம் தேதி மகாராஷ்டிர மாநிலத்தின் தெம்ப்ளி என்னும் பழங்குடிக் கிராமத்தில் முதல் எண் வழங்கப்பட்டது. இன்று 130 கோடிக்கும் மேற்பட்டோரிடம் அது இருக்கிறது. 2014 ஆகஸ்டில் ஏழைகளுக்கான ஜன்தன் வங்கிக் கணக்குத் திட்டம் தொடங்கியது. ஆதார், வங்கிக் கணக்கு, கைத்தொலைபேசி என்ற மூன்றையும் ஒன்றாகக் கட்டி, இடையில் எவர் கையும் படாமல் பணத்தைக் குடும்பத்திடமே சேர்ப்பது என்பது அரசின் நோக்கம்.

இதன் வலிமை 2020-இல் தெரிந்தது. கொரோனா ஊரடங்கின்போது ஏறத்தாழ 20 கோடிப் பெண்களின் ஜன்தன் கணக்குகளில் ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 500 ரூபாய் நேரடியாகச் செலுத்தப்பட்டது. தொகை சிறிதுதான். ஆனால் பேருந்தும் ரயிலும் ஓடாத நாட்களில் இத்தனை பேருக்குப் பணம் அனுப்ப முந்தைய தலைமுறை அரசுகளால் முடிந்திருக்காது.

ஒரே ஆய்வாளர்கள், இரண்டு மாநிலங்கள்

பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய மூவரும் இரண்டு மாநிலங்களில் நடத்திய ஆய்வுகள் இவ்விஷயத்தில் மிகவும் பயன் தருபவை. முதல் ஆய்வு ஆந்திராவில் நடந்தது. ஆதார் பரவுவதற்கு முன்பே அம்மாநில அரசு வேலைத்திட்டக் கூலிக்கும் உதவித்தொகைக்கும் கைரேகை பதிந்த மின்னட்டையைக் கொண்டுவந்தது. 157 மண்டலங்களில், சுமார் 1 கோடியே 90 லட்சம் மக்கள் வாழும் பகுதியில் இதன் விளைவு அளந்து பார்க்கப்பட்டது. கூலி விரைவாகக் கிடைத்தது, வழியில் காணாமல் போன பணம் குறைந்தது, பயனாளிகளில் பெரும்பாலோர் புதிய முறையையே விரும்பினர் என்பது முடிவு.

அதே மூவர் பின்னர் ஜார்க்கண்ட் மாநிலத்தில் ரேஷன் கடைகளை ஆராய்ந்தனர். அங்கே கைரேகைச் சோதனை வந்த முதற்கட்டத்தில் திருட்டு குறைந்ததாகத் தெரியவில்லை. குடும்ப அட்டையை ஆதாருடன் இணைக்காதவர்களுக்குக் கிடைத்துவந்த பொருள்தான் குறைந்தது. அடுத்த கட்டத்தில் இயந்திரத்தின் கணக்கை வைத்துக் கடைகளுக்கு அனுப்பும் தானியத்தை அரசு குறைத்தபோது, திருட்டு குறைந்தது. கூடவே, உரியவர்களுக்குக் கிடைக்க வேண்டியதிலும் வெட்டு விழுந்தது.

ஏறக்குறைய ஒரே வகையான கருவிதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? ஆந்திராவில் மின்னட்டை பெறாதவருக்கும் பழைய முறையில் பணம் கொடுப்பதை அரசு நிறுத்திவிடவில்லை. பணம் பெறும் இடமும் ஊருக்குள்ளேயே வந்தது. ஜார்க்கண்டில் இணைப்பு இல்லையென்றால் பெயரே நீங்கும் நிலை ஏற்பட்டது. இயந்திரம் 'இல்லை' என்று சொன்ன பிறகு மனிதர் என்ன செய்வார் என்பதை ஒரு மாநிலம் முன்கூட்டியே யோசித்திருந்தது, மற்றொன்று யோசிக்கவில்லை.

அதன் விலையை ஜார்க்கண்ட் கொடுத்தது. 2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கவில்லை என்று அவள் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பல மாதங்களாக வீட்டுக்கு அரிசி வரவில்லை. பட்டினிதான் காரணம் என்றாள் தாய். மலேரியாதான் காரணம் என்றது மாவட்ட நிர்வாகம். இரண்டில் எது சரி என்ற வழக்கு நீண்டுகொண்டே போனது. அட்டை நீக்கப்பட்டது மட்டும் எவரும் மறுக்காத உண்மை. அடுத்த மாதமே, ஆதார் இல்லை என்பதற்காக எவர் பெயரையும் நீக்கக் கூடாது, எவருக்கும் தானியம் மறுக்கக் கூடாது என்று மத்திய உணவு அமைச்சு எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் அனுப்பியது. முன்பே அனுப்பியிருக்க வேண்டிய கடிதம் அது.

அதே ஆண்டு அக்டோபரில், ராஞ்சி அருகே நக்ரி வட்டாரத்தில் இன்னொரு சோதனை தொடங்கியது. கிலோ 1 ரூபாய்க்கு அரிசி கொடுப்பதற்குப் பதிலாக, மானியப் பணத்தை வங்கியில் போட்டுவிடுவார்கள். மக்கள் அதை எடுத்துவந்து ரேஷன் கடையில் கிலோ 32 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் அழகான ஏற்பாடு. நடைமுறையில், பணம் வந்துவிட்டதா என்று பார்க்க வங்கிக்கு ஒரு நடை, எடுக்க ஒரு நடை, பிறகு கடையில் வரிசை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. மக்கள் ராஞ்சிக்கு ஊர்வலமாகப் போய் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2018 ஆகஸ்டில் அந்தச் சோதனை கைவிடப்பட்டது.

லாரியைப் பார்ப்பதா, பாட்டியைப் பார்ப்பதா?

பக்கத்து மாநிலமான சத்தீஸ்கர், ஆதார் வருவதற்கு முன்பே ரேஷன் முறையைச் சீர்திருத்தியது. அங்கே கணினி முதலில் நுழைந்தது கிடங்கில். நெல் கொள்முதல், கிடங்கு இருப்பு, கடைக்குப் போகும் அளவு எல்லாம் கணினியில் ஏறின. தானிய லாரிகள் கண்காணிக்கப்பட்டன. லாரி கிளம்பியதும் பதிவு செய்துகொண்ட ஊர்க்காரர்களின் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி போயிற்று. கடைகளைத் தனியாரிடமிருந்து எடுத்து ஊராட்சிகளிடமும் மகளிர் குழுக்களிடமும் ஒப்படைத்தார்கள். திருட்டு வெகுவாகக் குறைந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான். அந்தத் தொழில்நுட்பம் அதிகாரியையும் லாரியையும் கண்காணித்தது. அரிசி வாங்க வந்த பாட்டியைச் சந்தேகிக்கவில்லை. ஐந்து கிலோ அரிசிக்காக வரிசையில் நிற்பவர் தம்மைத் தாமே மாதந்தோறும் நிரூபிக்க வேண்டும். ஐந்து டன் அரிசியை ஏற்றிச் செல்பவர் அவ்வளவு நிரூபிக்க வேண்டியதில்லை என்றால், அந்த ஏற்பாட்டில் எங்கோ கோணல் இருக்கிறது.

நூறு நாள் வேலையிலும் இதே கதைதான். 2021 மே மாதம் தேசிய அளவில் வருகைப் பதிவுக்கென்று ஒரு கைத்தொலைபேசிச் செயலி வந்தது. பணித்தளத்தில் நாளைக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் படம் எடுத்து, எந்த இடத்தில் எடுத்தது என்ற குறிப்புடன் அனுப்ப வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் அது கட்டாயமாயிற்று. காலையிலேயே தங்கள் அளவு வேலையை முடித்துவிட்ட பெண்கள், இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்திருக்க நேர்ந்தது. அலைவரிசை கிடைக்காமல் படம் ஏறாவிட்டால், குழி வெட்டியது உண்மை, கூலி மட்டும் இல்லை என்ற நிலை. அதை எதிர்த்து அந்த ஆண்டு டில்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் பல வாரங்கள் போராடினர்.

சரி, திருட்டாவது நின்றதா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சே மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, நேரில் எடுக்காமல் பழைய படத்தையே மீண்டும் படம் பிடித்து அனுப்புகிறார்கள் என்று அதில் குறைபட்டுக்கொண்டது. இனி ஊராட்சி மட்டத்தில் ஆட்கள் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும் என்பது உத்தரவு. மனிதரை நம்ப முடியாது என்று இயந்திரத்தைக் கொண்டுவந்து, இயந்திரத்தை நம்ப முடியாது என்று மறுபடியும் மனிதரிடமே வந்து நின்றார்கள்.

கூலி கொடுக்கும் முறையும் மாறியது. 2024 ஜனவரி 1 முதல் வங்கிக் கணக்கு எண்ணுக்குப் பதில் ஆதார் எண்ணுக்கே பணம் அனுப்பும் முறை கட்டாயமானது. ஆதாருடன் கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அதில் போய்ப் பணம் விழும். அது எந்த வங்கி என்று தெரியாமல் அலைந்தவர்கள் உண்டு. அட்டையில் ஒரு விதமாகவும் ஆதாரில் ஒரு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருந்தால் அதுவும் தடை. பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து மாறியதால் பதிவிலாகா அலுவலகத்துக்குப் பல முறை நடந்த குடும்பங்கள் மலேசியாவில் இல்லையா என்ன? அந்த அவதியைக் கோடிப் பேரால் பெருக்கிப் பார்த்தால் இதன் அளவு புரியும். 2022-23 நிதியாண்டில் மட்டும் 5 கோடியே 18 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் பெயர்கள் வேலை அட்டைகளிலிருந்து நீக்கப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. முந்தைய ஆண்டில் அது சுமார் 1 கோடியே 49 லட்சம். போலி அட்டை, இரட்டைப் பதிவு, மரணம், இடமாற்றம், வேலையில் விருப்பமின்மை ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. ஒரே ஆண்டில் போலிகளும் மரணங்களும் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டன என்று நம்புவது எளிதல்ல.

2018 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் தீர்ப்பளித்தது. அரசின் நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் கூறினர். நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டார். 2025 டிசம்பரில், வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதில் 100 நாள் 125 நாளாக உயர்ந்தது. செலவில் மாநிலங்களின் பங்கும் கூடியது. கைரேகை போன்ற உடல் அடையாளச் சோதனைக்கும் கணினிக் கண்காணிப்புக்கும் அந்தச் சட்டத்திலேயே இடம் தரப்பட்டுள்ளது.

எல்லை தாண்டும் கருவிகள்

இந்தியாவுக்குள் இப்படி நன்மையும் தீமையும் கலந்து நடந்துகொண்டிருக்க, இதே தொழில்நுட்பம் அண்டை நாடுகளுடனான உறவில் முக்கிய இடம் பிடித்துவிட்டது. முன்பு அணைக்கட்டும் ரயில் பாதையும் கட்டிக் கொடுத்து உறவு வளர்த்த டில்லி, இப்போது அடையாள எண்ணையும் பணப் பரிமாற்ற முறையையும் கொடுக்கிறது. 2023-இல் ஜி-20 அமைப்புக்குத் தலைமை ஏற்றபோது இந்தியா அதிகம் எடுத்துச் சொன்னவற்றுள் இதுவும் ஒன்று.

2016-இல் இந்தியாவில் தொடங்கிய யுபிஐ பணப் பரிமாற்ற முறை 2021 ஜூலையில் பூட்டானுக்குச் சென்றது. 2024 பிப்ரவரி 12-ஆம் தேதி இலங்கையிலும் மொரீஷியஸிலும் அறிமுகமானது. சிங்கப்பூரின் பேநவ் முறையுடன் 2023 பிப்ரவரி 21-ஆம் தேதி இணைக்கப்பட்டது; பிரதமர்கள் மோடியும் லீ சியன் லூங்கும் அதைத் தொடங்கிவைத்தனர். இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் ஆகிய நாடுகளின் உடனடிப் பணப் பரிமாற்ற முறைகளை ஒரே இணைப்பில் கொண்டுவரும் 'நெக்சஸ்' திட்டத்தில் இந்திய ரிசர்வ் வங்கி 2024-இல் சேர்ந்தது.

சிங்கப்பூரில் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று பணம் அனுப்பியது ஒரு காலம். இப்போது கைத்தொலைபேசியில் சில நொடிகளில் அனுப்ப வழி இருக்கிறது. ஊரில் உள்ள அவருடைய தாய், தம் முதியோர் உதவித்தொகைக்காக வங்கி முகவரைத் தேடிப் போய் விரலை அழுத்தி, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே நாட்டின் தொழில்நுட்பம்தான். மகனுக்கு யுபிஐ வேலை செய்யாவிட்டால் பணமாற்றுக் கடை இருக்கிறது, வங்கி இருக்கிறது, ஊருக்குப் போகும் நண்பர் இருக்கிறார். விருப்பம் இருந்தால் பயன்படுத்தலாம் என்பதால்தான் யுபிஐ வெற்றி பெற்றது. தாயின் விரலுக்கு அந்த வசதி இல்லை.

பூட்டானிலும் சிங்கப்பூரிலும் பரவியிருப்பது மகனின் தொழில்நுட்பம். இலங்கைக்குப் போவது இரண்டும்.

இலங்கையின் புதிய அடையாள எண் திட்டத்துக்கு இந்தியா நிதியுதவி வழங்குகிறது. 2022 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2023 ஆகஸ்டில் முன்பணமாக 45 கோடி இந்திய ரூபாய் ஒப்படைக்கப்பட்டது. 2018-இல் பெங்களூரின் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கப்பட்ட 'மோசிப்' என்னும் மென்பொருள் இதற்கு அடிப்படை. எந்த நாடும் கட்டணமின்றி எடுத்து, தனக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடியது அது. பிலிப்பீன்ஸ், மொராக்கோ, எத்தியோப்பியா ஆகிய நாடுகளும் அதைப் பயன்படுத்தியுள்ளன. இலங்கையில் எழுந்த எதிர்ப்பெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றியே இருந்தது: எங்கள் மக்களின் விவரம் டில்லிக்குப் போய்விடுமா? இறைமை பற்றிய அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் மலையகத்து லயன் வீட்டில் இருப்பவருக்கு அதைவிட நெருக்கமான கேள்விகள் உண்டு.

1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை நாடற்றவர்கள் என்ற பெயரைச் சுமந்த சமூகம் அது. பிறப்புப் பத்திரம் இல்லாதவர், பெயர் தவறாகப் பதிவானவர், வீட்டுக்கென்று தனி முகவரி இல்லாமல் தோட்ட அலுவலகத்தின் வழியே கடிதம் பெறுபவர் அங்கே இன்றும் உள்ளனர். போதாக்குறைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் விரல்கள். 2023 ஜூலையில் இலங்கை அரசு, சமுர்த்திக்குப் பதிலாக 'அஸ்வெசும' நலத்திட்டத்தைத் தொடங்கியது. 22 அளவுகோல்களை வைத்துப் பயனாளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தகுதி இருந்தும் பெயர் வரவில்லை என்று லட்சக்கணக்கானோர் மேல்முறையீடு செய்தார்கள். நாளை அந்தப் பட்டியலும் புதிய அடையாள எண்ணும் ஒன்றாகும்போது, பதுளையில் ஒரு மூதாட்டியின் விரலை இயந்திரம் ஏற்காவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது, எத்தனை நாளில் சரியாகும், அதுவரை உதவித்தொகை நிற்குமா? கொழும்பு கேட்க வேண்டியதும், ஜார்க்கண்டை அனுபவித்த டில்லி தானாகவே சொல்ல வேண்டியதும் இவைதான். பணமும் மென்பொருளும் கொடுக்கும் நாடு, தன் தவறுகளின் கணக்கையும் சேர்த்துக் கொடுத்தால் அது நல்ல அண்டை வீட்டாரின் செயல்.

மலேசியாவுக்கும் இதில் பாடம் உண்டு. 2001-இல் மைகார்டை அறிமுகப்படுத்தி இத்துறையில் முந்திக்கொண்ட நாடு இது. 2025 ஆகஸ்ட் 31-ஆம் தேதி 18 வயதுக்கு மேற்பட்ட குடிமக்கள் அனைவருக்கும், ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் பேருக்கு, மைகார்டு வழியாகத் தலா 100 ரிங்கிட் வழங்கப்பட்டது. முதல் நாள் கூட்டத்தில் கணினி திணறியதால், பொருட்களை எடுத்துக்கொண்டு கல்லாவில் காத்து நின்றவர்கள் பலர். ஆண்டு இறுதிவரை பயன்படுத்தலாம் என்று தவணை இருந்ததால் ஒரு நடை வீணானதோடு போயிற்று. ஆனால் பல தலைமுறையாக இங்கேயே வாழ்ந்தும் சிவப்பு அடையாள அட்டையுடன் இருப்பவர்களுக்கும், எந்த அட்டையும் இல்லாதவர்களுக்கும் அந்த 100 ரிங்கிட்டின் வரிசையில் நிற்கவே இடம் கிடையாது.

தமிழ்நாட்டிலும் ரேஷன் கடையில் கைரேகை உண்டு. ரேகை பதியாதவர்களுக்காகப் பிறகு கண் கருவிழிச் சோதனைக் கருவிகளும் கொடுக்கப்பட்டன. இருந்தாலும், படுத்த படுக்கையாக இருப்பவருக்கு விரலும் கண்ணும் நன்றாக இருந்தென்ன, கடைவரை யார் தூக்கிப் போவது என்ற கேள்வி மிஞ்சியது. 2025 ஆகஸ்ட் 12-ஆம் தேதி அங்கே ஒரு புதிய ஏற்பாடு தொடங்கப்பட்டது. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் கடை ஊழியர்களே வண்டியில் அரிசி, சர்க்கரை, எண்ணெயோடு தெருவுக்குத் தெரு வந்து கொடுப்பார்கள் என்பது அப்போதைய அறிவிப்பு. 21 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கான ஏற்பாடு அது. மின்னணுத் தராசும் கைரேகை இயந்திரமும் அந்த வண்டியிலேயே வரும்.